நேரில் வரவும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓசூரில் இரும்பு வெட்டும் மூன்று ஷெட் சொந்தமாக வைத்திருப்பவனும் நான்தான். அதற்கு முன்பு லேபர் கான்ட்ராக்டரின் ஆளாக ஜூஜுவாடியில் ஒரு கம்பெனி கேட்டில் வரிசையில் நின்றேன். என் கூலியில் அவன் கை வைப்பான். அவனை விட்டுவிட்டுக் கம்பெனிக்காரர்களிடம் நேராகப் பேசினால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டான். அந்தப் பிடியிலிருந்து நானே திமிறி வெளியே வந்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

போன வருஷம் மறுபடியும் ஒரு கான்ட்ராக்டரிடம் மாட்டினேன். இவனுக்கு முகம் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் இருந்தான்.

அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனி. அவர்களுடைய வெளிநாட்டு மிஷினில் கேம் தேய்ந்துவிட்டது. கேம் என்றால் வளைந்த ஓரமுள்ள இரும்புத் தட்டு. அது சுற்றச் சுற்ற மிஷினின் கை ஏறி இறங்கும். டிராயிங் போட்டு, ஒரு சாம்பிளும் வெட்டி, திங்கட்கிழமை யார் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கே வருஷம் முழுக்க ஆர்டர் என்றார்கள். வெட்டுவது எனக்குச் சோறு தின்பது போல. வரையத்தான் ஆள் இல்லை. எங்கள் டிராயிங்காரர் பெங்களூருக்குத் தாவியிருந்தார்.

என் மகன் பி.இ. முடித்தவன். ஆன்லைனில் இதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது, அதில் ஆள் பிடிக்கலாம் என்றான். வேலையைப் போட்டால் உலகம் முழுவதிலிருந்தும் விலை சொல்வார்களாம். முன்பு வேலை கொடுத்தவர்கள் போட்ட ஸ்டாரைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமாம். சரி, எழுது என்று நானே வாசகம் சொன்னேன். சிப்காட்டில் எல்லா கேட்டிலும் தொங்குகிற போர்டுதான்: ஆள் தேவை, நேரில் வரவும், கீழே போன் நம்பர்.

"அப்பா, நேர்ல வரச் சொல்லக்கூடாது. நம்பரும் போடக்கூடாது. தளத்துக்காரங்க மூலமாத்தான் பேசணும்."

"குரலைக் கேக்காம ஆளை எப்படிடா நம்பறது?"

அவன் இரண்டையும் எடுத்துவிட்டான். நான் விடுவேனா? சாமான் வைத்து அனுப்பும் எங்கள் டிரேக்கள் வேறு யூனிட்டுக்குப் போனால் திரும்பி வராது. அதனால் எல்லாவற்றிலும் என் நம்பர் மஞ்சள் பெயிண்டில் இருக்கும். கேமை அப்படியொரு டிரேயில் வைத்துப் படம் எடுத்துப் போடச் சொன்னேன்.

விலை சொல்லி ஒரு கூட்டமே வந்தது. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். உங்கள் வேலையைக் கவனமாகப் படித்தேன், முழுத் திருப்தி தருவேன் என்றே எழுதியிருந்தார்கள். ஒருத்தராவது கேமைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை வரைகிறவர்கூட ஸ்டாரோடு வந்து நின்றார். இப்படி விலை சொல்வதற்கே அவர்கள் அந்தத் தளத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்று மகன் சொன்னான். என் பழைய கான்ட்ராக்டர் அயோக்கியன்தான். ஆனால் வரிசையில் நிற்பதற்கு அவன் காசு கேட்டதில்லை.

ஒருவர் மட்டும் தன் பெருமை எதையும் எழுதாமல் கேள்வி கேட்டிருந்தார். கேம் எந்தப் பக்கமாகச் சுற்றும், எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது? இவர்தான் ஆள் என்றேன். மகன் பதில் அடிப்பதற்குள் தளத்துக்காரர்கள் எங்கள் கணக்கையே முடக்கிவிட்டார்கள். படத்தில் நம்பர் இருந்ததாம். அன்று வெள்ளிக்கிழமை. கேள்வி கேட்டவரின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. இந்தியா என்று மட்டும் போட்டிருந்தது. மகன் என்னைக் குறை சொன்னான். நான் அந்தத் தளத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வைதேன்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"சார், தேஞ்ச ஓரத்தைப் பத்திக் கேட்டவன் பேசறேன். டிரேல இருந்த நம்பரைக் குறிச்சு வெச்சிருந்தேன்."

அவர் சொன்ன ஊரை இங்கே எழுதமாட்டேன். சிங்காரப்பேட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டமேதான். உலகத்தையெல்லாம் அள்ளிக் கொட்டிய அந்தத் தளம் இதை மட்டும் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

மதியத்துக்குள் பஸ் ஏறி வந்துவிட்டார். நாற்பதை நெருங்கும் மனிதர், தோளில் லேப்டாப் பை. கேமைக் கையில் வாங்கி ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே வந்தார். ஞாயிறு மதியம் டிராயிங் முடிந்தது. சாயங்காலம் நானே நின்று சாம்பிள் வெட்ட வைத்தேன். டிராயிங்கின் மூலையில் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டிருந்தார். பெயரைப் போடச் சொன்னேன்.

"வேணாம் சார். வெளியில வேலை எடுத்தேன்னு தெரிஞ்சா என் கணக்கையும் மூடிருவாங்க. இத்தனை வருஷமா சேத்த ஸ்டாரு."

"ஸ்டாரைப் போட்டு ரசமா வெப்பீங்க? என்கிட்டயே வந்துடுங்க."

"அம்மா படுத்த படுக்கையா இருக்கறாங்க சார். தங்கச்சியை வரவெச்சுட்டுத்தான் இங்க வந்தேன். வீட்ல உக்காந்தபடி செய்யற வேலை எனக்கு அந்தத் தளத்துலதான் கிடைக்குது."

கட்டத்தைக் காலியாகவே விட்டு டிராயிங்கை வாங்கிக்கொண்டேன். பட்டப்பகலில், என் ஷெட்டில் உட்கார்ந்து நேர்மையாகச் செய்த வேலையை அந்த மனிதர் திருட்டுச் சாமான் போல ஒளிக்க வேண்டியிருந்தது. நானும் ஜூஜுவாடியில் அப்படிப் பயந்து நின்றவன்தான். ஆனால் எனக்கு முறைத்துப் பார்க்கவாவது எதிரே ஒரு முகம் இருந்தது.

திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, வரைந்தது யார் என்று கன்னடத்தில் கேட்டார். நானே என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். ஆர்டர் எனக்குத்தான் வந்தது. இப்போதும் தேய்ந்த சாமான் எது வந்தாலும் பஸ்ஸில் ஏற்றி அவருக்கு அனுப்புகிறேன். டிராயிங் வருகிறது, கட்டம் காலியாகவே வருகிறது. யார் கேட்டாலும் வரைந்தவன் நான்தான்.