மரத்துக்குக் கிடைத்த ஓய்வு

அண்ணன் மண்டாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். பல மாதமாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்று அண்ணி அவரைச் சிராங்கூன் ரோட்டில் நாங்கள் கைக்குழந்தையோடு இருந்த அறைக்கு அனுப்பி வைத்தார். கத்தி ஆழமாக இறங்கி மரங்கள் காயப்பட்டிருந்தன. திங்கட்கிழமை ஒழுங்காக வெட்ட வராவிட்டால் வேலை இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டாராம்.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். பயத்தில் சுரக்கும் ஏதோ ஒன்று இவருக்கு ஓயாமல் சுரக்கிறது, மனம் களைத்துவிட்டது, ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்று அவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு சரி. தோட்டத்தில் கொடுக்கப் பயம்.

ஓய்வென்றால் தூக்கம் என்றுதான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை விடியலில் நல்ல மழை. குழந்தைக்குப் பால் கலக்க எழுந்தபோது அண்ணன் ஜன்னலருகே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

"மழை பெய்யுதுல்ல, இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குங்கண்ணே."

"மழை பெஞ்சா வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. இந்தச் சத்தத்துல எங்கேர்ந்து தூக்கம் வரும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தானே நானும்? பள்ளிக்கூடம் போனதில் இதையெல்லாமா மறப்பேன்? எதையாவது பேசிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு வெட்டுன மரத்தை நாளைக்கும் வெட்டுவீங்களா?"

"யாராவது வெட்டுவாங்களா? மரம் வத்திப் போயிரும். ஒருநாள் விட்டுத்தான்."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கென்ன? ஒருநாள் இந்தப் பக்கத்து மரம், மறுநாள் அந்தப் பக்கத்து மரம்." காலாட்டுவதை நிறுத்தினார். திடீரென்று சிரித்தார். "நானும் மரமா இருந்திருந்தா கங்காணி நல்லாப் பாத்திருப்பாரு, தங்கச்சி!"

வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தார். கடிதத்தை எடுத்து நீட்டினார். "நீயே கொண்டு போய்க் குடு. படிச்சவகிட்ட கத்தமாட்டாங்க."

சனிக்கிழமை குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். சரியாகச் செய்கிறேனா என்று வழியெல்லாம் பயம். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டு வாரம் ஓய்வு தரலாம் என்றார். வேலை போகாது. ஒரு மாதம் கேட்டு இன்னும் வாதாடியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றும்.

திரும்பியபோது மறுபடியும் மழை. உள்ளே குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அண்ணன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லையே, எழுப்பலாமா வேண்டாமா என்று ஈரக் குடையோடு வாசலிலேயே நின்றேன்.