அம்மா சொன்னதில் நான் விட்டவை

டாக்டர் தப்புப் பண்ணிவிட்டார் என்று, அமெரிக்காவில் நான் இருக்கும் ரிச்சர்ட்சனில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் பேசின. அது பொய்யில்லை. நானும் மூன்று வாரம் அப்படித்தான் பேசினேன், அது முழு உண்மை இல்லை என்று தெரிந்துகொண்டே.

காங்கேயம் பக்கத்திலிருந்து அம்மா என்னைப் பார்க்க வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவள். தேங்காய்க் களத்தில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள். ஒரு வியாழக்கிழமை காலை மேல்வயிறு முதுகுவரை இழுத்து வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். எமர்ஜென்சிக்கு அழைத்துப் போனேன்.

சக்கரம் வைத்த ஒரு வீடியோ திரையை நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அதில் கூப்பிடட்டுமா என்று கேட்டார். தேவையில்லை, நான் இவருடைய மகன், ஆங்கிலம் தெரியும் என்றேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசிய முதல் ஆள் நான். ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிறவர்கூட அம்மாவைத் ‘தள்ளி நில்லு’ என்று விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டாக்டரிடம் நான் சரிசமமாகப் பேசுவதை அவள் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன்.

“முட்டி வலிக்கு நம்மூரு மெடிக்கல்ல பொட்டணங் கட்டித் தர்ற மாத்தரதாங் கண்ணு. காலைல ரண்டு, ராத்திரி ரண்டு. நாலஞ்சு வருசமாப் போடறேன். வரும்போதுகூட கொண்டாந்தேன்.”

பெயர் தெரியாத நான்கு மாத்திரையை என் அம்மா தினமும் விழுங்குகிறாள் என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? “எதுவும் இல்லை” என்றேன்.

அம்மா என் காதருகே குனிந்தாள். “ரண்டு நாளா வெளிய போறது தாராட்டம் கறுப்பாப் போகுது. இதையுஞ் சொல்லீரு.”

எனக்கு வாய் வரவில்லை. “கொஞ்சம் வயிறு சரியில்லை” என்றேன். போதாதென்று, யாரும் கேட்காமலே, முந்தாநாள் இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கினார் என்று நானாகச் சேர்த்தேன். டாக்டர் முகம் தெளிந்தது. வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். ரத்தம்கூட எடுக்கவில்லை. தசைப்பிடிப்பு என்றார். வலிக்கு ஓர் ஊசி போட்டு, அதே வகை வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அம்மா குளியலறையில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தாள். வயிற்றில் புண், ரத்தம் நிற்கவில்லை. அறுத்து, இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். வலி மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், இந்த நிலையில் அந்த ஊசியைப் போட்டிருக்கவே கூடாது என்றார் ஆபரேஷன் செய்தவர். “உள்ளே ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். அப்படிப் போகிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லையா?” என்றார்.

“கேட்கவில்லை” என்றேன். அது உண்மைதான். அன்று மாலை வீட்டுக்கு வந்து, அம்மாவின் பையிலிருந்த மாத்திரைப் பொட்டணத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

என் ஆபீஸில் மூத்தவர் ஒருவர் உண்டு. எங்களுக்கெல்லாம் அங்கிள். அவர்தான் கொதித்தார். “இது க்ளியர் நெக்லிஜென்ஸ்ப்பா. இந்த ஊர்ல எவனும் சும்மா விடமாட்டான். நம்மாளுங்கதான் தயிர்சாதம் மாதிரி உக்காந்துட்டிருப்போம். நீ ரெக்கார்ட்ஸ் ரிக்வெஸ்ட் பண்ணு, லாயர நான் பாத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் வந்தது. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று மகன் மறுத்தார். மருந்து எதுவும் இல்லை என மகன் தெரிவித்தார். பாரம் தூக்கியதாக மகன் தெரிவித்தார். ஒரு பக்கத்தில் மகன், மகன், மகன். அம்மா பேசியதாக ஒரு வரி இல்லை.

அங்கிளுக்கு போன் செய்தேன். “கேஸ் வேண்டாங்கறாங்க அம்மா. கோர்ட்டுன்னா பயப்படறாங்க.” படிக்காத பொம்பளை, பயப்படத்தான் செய்வாள் என்று அவர் நம்பிவிடுவார் என எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நடந்ததற்காவது பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நிதானமாகச் செய்தேன்.

அம்மா அதற்குள் வீடு திரும்பியிருந்தாள். சனிக்கிழமை அங்கிள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், ஆன்ட்டி கொடுத்த குழைந்த ரசஞ்சாதத்தோடு.

“ஏம்மா, இப்படிப் பயந்தா எப்படி? கேஸே வேண்டாம்னுட்டீங்களாமே?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“ஆமாங்க. கோர்ட்டு கச்சேரியெல்லாம் நமக்கெதுக்குங்க? உசுரோடதான இருக்கறேன்.”

அவர் என் தோளைத் தட்டினார். “அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லிக்குடுப்பா. படிச்ச புள்ளதானே நீ.”

அவர் போனதும் சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். மாத்திரையை, கறுப்பாகப் போனதை, அரிசி மூட்டையை, குப்பையில் போட்டதை.

“தெரியுஞ் சாமி” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“நான் அத்தன நீளஞ் சொன்னேன். நீ ஒத்த வார்த்தைல முடிச்சுப்போட்ட. இங்கிலீசு தெரியாட்டி நீளங்கூடவா தெரியாது?”

“அப்பவே ஏம்மா கேக்கல?”

“நீ பெரிய டாக்டராட்டப் பேசிட்டிருந்த. அந்த டாக்டர் புள்ளயும் தலைய ஆட்டிக் கேட்டுட்டிருந்துச்சு. நடுவால பூந்து எதுக்குக் கெடுக்கோணும்னு இருந்துட்டேன்.” ரசஞ்சாதத்தில் இரண்டாவது கரண்டியோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவள் வயிறு ஏற்பதில்லை. “அந்தப் புள்ளைக்கு வேலைக்கு ஏதாச்சும் வந்துருமா கண்ணு?”

“அவங்களும் தப்புப் பண்ணியிருக்காங்கம்மா.”

“பண்ணீருக்குது. ஆனா நீ சொல்லாதது அதுக்குத் தெரியாதல்லோ.”

அவள் எதிரிலேயே அங்கிளை போனில் கூப்பிட்டேன். பயந்தது அம்மா இல்லை, நான்தான் என்று ஆரம்பித்தேன். மாத்திரைப் பொட்டணம்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

“சரிப்பா… சரி. இதை வேற யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத. டாக்டர் தப்புன்னே இருக்கட்டும். நான் ஆன்ட்டிகிட்டகூட சொல்லமாட்டேன்.”

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். “என்னங்கறாரு?”

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.