வெள்ளைக் கோட்டருகே ஓர் எலுமிச்சம்பழம்

1. கோட்டுக்காவல்

மோட்டார் பந்தயத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது. சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் போட்ட கோடு. புறப்படும் வண்டியின் முன்சக்கரம் அதைத் தொடலாம். கொடி விழுமுன் தாண்டக் கூடாது. தாண்டினால் நான் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லூரி வாசலை மிதித்தவன், நாலு நல்ல புத்தகம் படித்தவன் என்ற கர்வமெல்லாம் எனக்கு உண்டு. அத்தனையும் கடைசியில் ஒரு கையைத் தூக்குவதற்குத்தான் பயன்பட்டது.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பினாங்கில் பீச் ஸ்திரீட்டில் ஒரு மோட்டார் கம்பெனியின் ஸ்பேர் பார்ட் கவுண்டரில் நான் கிராணி. இந்த ஊரில் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தமிழ், இங்கிலீஷ், மலாய் மூன்றும் வரும் என்பதால் மோட்டார் கிளப்பார் என்னைக் கோட்டுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து இரவல் கேட்டார்கள். மூன்று பாஷையிலும் என்னைத் திட்டலாம் என்பது அவர்களுக்குக் கூடுதல் வசதி.

பந்தயம் மேட்டுச் சாலையில். வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும்; குறைந்த நேரத்தில் ஏறியது ஜெயித்தது. என் கம்பெனியின் பச்சை வண்டியும் போட்டியில் இருந்தது. ஓட்டுபவர் என் மேனேஜர் துரை. அதாவது, எதிரணி வண்டி கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பவன் பச்சையிடம் சம்பளம் வாங்குகிறவன். இதை ஊரில் ஒருவரும் கவனிக்காமல் விடவில்லை.

2. சூலியா தெருவில் இரண்டு மேசை

எதிரணி என்றால் ஜெலுத்தோங் பக்கம் பட்டறை வைத்திருந்த ஹனிபா பாயின் சிவப்பு வண்டி. ஏலத்தில் எடுத்த பழைய வண்டியைப் பிரித்து, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்து, அவரும் பிட்டர் மாரிமுத்துவும் பட்டறையில் செய்தது. நம்மவர் பட்டறை ஒன்றுக்குக் கிளப்பார் இடம் கொடுத்தது அதுவே முதல் தடவை. ஏதாவது தகராறு வந்தால் இதுவே கடைசித் தடவையும் ஆகும் என்று கிளப் செயலாளர் ஹனிபா பாயிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

பந்தயத்துக்கு முந்திய வாரம் சூலியா தெரு டீக்கடையில் பச்சைக்கு ஒரு மேசை, சிவப்புக்கு ஒரு மேசை. பச்சைக் கட்சிக்குத் தலைவன் துறைமுகக் கங்காணி சுப்பையா. மோட்டாரில் ஏறியவனல்ல. பச்சை வண்டி ஒருமுறை இவனுக்குப் பக்கத்தில் சேறடிக்காமல் போனதாம், அன்றிலிருந்து பக்தி.

"சிவப்பு மேட்ல பாதிக்கு மேல மூச்சு வாங்கும்லா. அது மோட்டாரா, இட்லிப் பானையா?"

"ஒங்க பச்சைக்குத் தொரை பேரு எழுதுன பிளக்கு. எங்களுக்கு மாரி கையி."

"கையி இருந்து என்ன? கோட்டுல நிக்கிறது யாரு? நம்ம கிராணி!"

அந்த வார்த்தைக்குச் சிவப்பு மேசை முழுதும் என் பக்கம் திரும்பியது. நான் டீயை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன். என் நடுநிலைமையை நிரூபிக்க அன்று அது ஒன்றுதான் வாய்த்தது.

3. நசுங்கியது

ஞாயிறு காலை. பச்சை வண்டி ஏறி முடித்துவிட்டது, நல்ல நேரம். அடுத்து சிவப்பு. சாலையின் இரு ஓரமும் ஜனம். வண்டி வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொட்டாற்போல நின்றது. ஓட்டுபவர் ஹனிபா பாய், பக்கத்தில் மாரிமுத்து. ஓட்டுபவரும் பிட்டரும் இருவருமே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி.

மாரிமுத்து இறங்கினான். மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தான். முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டான். ஏறி உட்கார்ந்தான்.

புது வண்டிக்கும் என்ஜின் இறக்கி ஏற்றிய வண்டிக்கும் நம்மவர்கள் இதைச் செய்யாமல் விடமாட்டார்கள். ஆனால் பட்டறை வாசலில் செய்வார்கள். போகிற திசை பார்த்து, போகிற இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பது மாரிமுத்துவின் சொந்த சாஸ்திரம். ஹனிபா பாய் குறுக்கே பேசவில்லை. "பழம் ஒன் வேல, துவா என் வேல" என்பது அந்தப் பட்டறையின் ஒப்பந்தம்.

ஹனிபா பாய் கிளட்சை லேசாக விட்டார். பழங்கள் நசுங்கின. சக்கரம் கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் போய் நின்றது.

கொடி விழவில்லை. நான் கையைத் தூக்கினேன். அந்தக் கை எனக்குச் சொந்தமானதுபோலவே தெரியவில்லை.

"பச்சைக்காரன் புத்தியக் காட்டிட்டான்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். என் காலருகே ஒரு கல் விழுந்தது.

கொடி பிடித்த துரை பழைய பட்டாளத்துக்காரர். கோபப்படவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி நிற்கச் சொல், குற்றமில்லை என்றார். சொன்னேன்.

"முடியாது கிராணி" என்றான் மாரிமுத்து. "பழம் நசுக்குன வண்டி பின்னால போகக் கூடாது. போனா மேல எங்கனாச்சும் கவுந்துரும்."

"மாரி, ஒரு சாண்டா! ரிவர்ஸ் போடுறேன், வாய மூடிக்கிட்டு உக்காரு" என்றார் ஹனிபா பாய்.

"போடுங்க மொதலாளி. நான் எறங்கிக்கிறேன்."

அவன் இறங்கினால் பிட்டர் இல்லை. பிட்டர் இல்லாவிட்டால் வண்டி இல்லை. ஹனிபா பாயின் கை கியரில் நின்றது. என்ன சொல்கிறான் என்று கொடித் துரை கேட்டார். எலுமிச்சம்பழத்தின் தத்துவத்தை இங்கிலீஷில் சொல்ல நான் படித்த எந்தப் புத்தகமும் கைகொடுக்கவில்லை. வண்டி பின்னால் வராது என்று மட்டும் சொன்னேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சீக்கிரம் முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்றார்.

4. தூக்கியது

வாய் எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். "மாரி, உருட்டத்தானே கூடாது? தூக்கி வைக்கலாமா?"

அவன் யோசித்தான். இவ்வளவு நிதானமாக ஒரு மனிதன் யோசித்து நான் பார்த்ததில்லை.

"சக்கரம் பின்னால உருளாதுல்ல?"

"உருளாது."

"சாமி பல்லக்கத் தூக்கித்தான் திருப்புறாங்க. அது பின்னால போச்சுன்னு யாரும் சொல்றதில்ல. சரி, தூக்குங்க."

கொடித் துரையிடம் கேட்டேன். விதியில் தூக்குவதைப் பற்றி எதுவும் இல்லை. பின்னால் யாராவது ஆட்சேபித்தால் விசாரிப்பார்கள் என்றார். சிவப்புக் கட்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆள் போதவில்லை. வண்டி இளைத்ததுதான், ஆனால் ஹனிபா பாய் தனியாகவே இரண்டு மூட்டை.

அப்போது பச்சைப் பக்கத்திலிருந்து சுப்பையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான், பின்னால் அவனுடைய துறைமுக ஆட்கள். "எதிராளி ஓடாம ஜெயிச்சா அது என்னா ஜெயிப்பு? ம்... ஏலேலோ!"

வண்டி இரண்டு பேரோடும் மேலெழுந்து, ஒரு சாண் பின்னால் போய் இறங்கியது. கொடி விழுந்தது. சிவப்பு புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலேறிற்று. ஏறிய நேரத்தை அறிவித்தபோது சாலையே அதிர்ந்தது. பச்சையைவிடக் குறைவு.

5. கூடாரத்தில்

மேனேஜர் துரை உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். வெளியாள் கைபட்டு வண்டி நகர்ந்தால் ஓட்டம் செல்லாது என்பது விதி. வெளியே வாதம் ஆரம்பித்துவிட்டது.

"அது தள்ளுறதுக்குத்தான். தூக்குறதுக்கு இல்ல!"

"கையி பட்டா கையிதாண்டா" என்றான் சுப்பையா. "விதி விதிதான்."

"தூக்குனதே நீதானே?"

"தூக்குனவனுக்குத்தான்டா தெரியும், அது தப்புன்னு!"

கிளப்பாரின் கூடாரத்துக்குள் மூன்று நடுவர்கள். நடுவிலிருந்தவர் என்னைக் கேட்டார்: மற்றவர் கையால் வண்டி நகர்ந்ததா? மேனேஜர் துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹனிபா பாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்தது என்றேன். யோசனை யாருடையது என்றார். என்னுடையது என்றேன். மேனேஜர் துரையின் காது சிவந்ததைப் பார்த்தேன்.

மூவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். ஓட்டம் செல்லாது; கோப்பை பச்சைக்கு. ஆனால் அது ஏமாற்று அல்ல. அடுத்த வருடம் இந்தப் பட்டறையைச் சேர்ப்பதா என்பது பிட்டரின் பதிலைப் பொறுத்தது. பின்னால் எடு என்று மறுபடி சொன்னால் எடுப்பானா? கேள் என்றார்.

கேட்டேன்.

"மாட்டேன்னு சொல்லுங்க" என்றான் மாரிமுத்து.

"மாரி, இது கதவச் சாத்துற கேள்வி. பாய் மூஞ்சியப் பாரு."

பார்த்தான். மாரிமுத்து தொண்டையைச் செருமினான். "பின்னால எடுக்க மாட்டேன். ஆனா அடுத்த வாட்டி கோட்டுக்கு நாலடி இப்பாலயே நிறுத்தி நசுக்கிருவேன். அப்பறம் கோடு வரைக்கும் முன்னாலதானே வரணும்? இவங்க பின்னால எடுன்னு சொல்ற வேலையே வராது."

இத்தனை நேரம் என்ன பேசினீர்கள் என்றார் நடுவர். முதல் பதிலை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்லியிருக்கலாம். அது என் வேலையில்லை. 'மாட்டேன்' என்பதையும் சொன்னேன், நாலடியையும் சொன்னேன். நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். கொடித் துரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அடுத்த வருடம் கோட்டுக்கு நாலடி பின்னால் இன்னொரு கோடும் போடுங்கள் என்றார்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கும் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு அன்று நான் கற்றதைச் சொல்லி வைக்கிறேன். பாதியை மட்டும் சொல்லி யாரையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழுதையும் கேட்டால் எதிரே இருப்பவருக்கும் சில சமயம் வழி தோன்றும். தோன்றாமலும் போகலாம், அதற்குத்தான் சம்பளம்.

6. வெளியே

சிவப்பு வண்டி கிளம்ப மறுத்தது. மாரிமுத்து ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துவிட்டான்.

"கப்பு போச்சுல்ல?" என்றான்.

"போச்சு."

"அடுத்த வருசம் வரலாம்?"

"வரலாம்."

ஏறி உட்கார்ந்தான். "அப்ப தள்ளுங்க கிராணி. முன்னாலதான்."

திரும்பிப் பார்த்தேன். கூடார வாசலில் மேனேஜர் துரை நின்றிருந்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். என் பக்கத்தில் இன்னொரு தோள், சுப்பையா. தள்ளிக்கொண்டே, தூக்குவது செல்லுமா செல்லாதா என்று இருவரும் வாதாடினோம். திடீரென்று என்ஜின் பிடித்தது. வண்டி எங்கள் முகத்தில் புகையை விட்டுவிட்டு ஜெலுத்தோங்கை நோக்கிப் போயிற்று. ஹனிபா பாய் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

புகை விலகியபோது மேனேஜர் துரை ஒற்றை விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"போங்க கிராணி" என்றான் சுப்பையா. "அடுத்த விசாரணை ஒங்களுக்குத்தான்."