மழையின் பயன்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தனியார் பள்ளி ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.எட். முடித்துவிட்டு மூன்று பள்ளிகளில் ஏறி இறங்கியாகிவிட்டது. இதுவும் கைநழுவினால் அம்மாவோடு உப்பளத்தில் இறங்க வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தாளாளர் பக்கத்து ஊரான பிரம்மதேசத்து விவசாயி. "உங்க டீச்சிங் பிலாசபி என்னம்மா?" என்றார். 'குழந்தை மையக் கல்வி' என்று தொடங்கும் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இரண்டு வரி ஒப்பித்திருப்பேன், ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்தது. காலையில் அம்மா வாரிக் குவித்த உப்பு மூடாமல் கிடக்குமே என்று நினைத்ததும் மீதி வரிகள் போன இடம் தெரியவில்லை.

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"வரட்டும்மா, நல்லதுதானே" என்றார், முகம் மலர்ந்து.

"எங்களுக்கு இல்லீங்க சார்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலை போச்சு, இனி என்ன என்று மிச்சத்தையும் சொன்னேன். நாலாம் வகுப்புத் தேர்வில் மழையின் பயன்களைக் கேட்டிருந்தார்கள். 'மழையால் பயன் இல்லை, உப்பு கரைந்துவிடும்' என்று எழுதினேன். பெரிய முட்டையாகப் போட்டுக் கொடுத்தார்கள்.

"நீங்க டீச்சரா இருந்தா எத்தனை மார்க் போடுவீங்க?"

"மார்க் அப்புறங்க சார். ஏன் இப்படி எழுதினேன்னு மொதல்ல கூப்பிட்டுக் கேப்பேன். அதுதாங்க என் பிலாசபி."

வேலை கிடைத்தது. நனைந்தபடி வீட்டுக்கு ஓடினேன். கரைந்த உப்பை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மா, விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

அந்த நேர்காணல் பதிலைச் சொல்லிப் பல வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். போன வருடம் விடைத்தாள் திருத்தும்போது அதே கேள்வி வந்தது. உப்பளத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி 'மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பார்' என்று எழுதியிருந்தாள். என் சிவப்புப் பேனா அதற்குள் தப்பு போட்டுவிட்டது.

வெட்கமாக இருந்தது. மழை நாளில்தான் என் அம்மாவும் வீட்டில் இருந்தாள். மத்தியானம் சுடச்சுடச் சோறு போட்டாள், நிதானமாகத் தலை வாரிவிட்டாள். அந்த நாட்களுக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். அதைத் தேர்விலும் எழுதவில்லை, நேர்காணலிலும் சொல்லவில்லை. அம்மா இருந்தவரை அவளிடமும் சொல்லவில்லை.

தப்பை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"மழை பேஞ்சா உங்கம்மா என்ன சமைப்பாங்க?"

"கருவாட்டுக் கொழம்பு டீச்சர்."

எங்கள் வீட்டிலும் அதுதான்.