ஆள் நிற்கும் தண்ணீர்

கனடாவில் மகளோடு இருந்தபோது, பனிக்காலத்தில் ஒருநாள் குடும்பமாக ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். உறைந்த ஏரியின் நடுவே ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மட்டக்களப்பு வாவியில், வலையோடு ஆள் நிற்கும் இடம்வரை யோசிக்காமல் இறங்கிப்போய் மீன் வாங்குவோம். ஊர் நினைப்பில் அவரை நோக்கி நேரே நடந்துவிட்டேன். காலடியில் ஐஸ் வெடித்தது.

"அசையாதீங்கம்மா!" மகள் படுத்தபடி ஊர்ந்து வந்து என்னை இழுத்தெடுத்தாள். "இந்தக் கரைப்பக்கம் ஆறு வந்து விழுகுதம்மா, இங்க ஐஸ் மெல்லிசு" என்று அழுதாள்.

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். வாவியில் முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் மீன் வாங்க இறங்குமுன் அவளுக்குப் போனில் கோல் எடுக்கிறேன். "கவனம்மா" என்று அவள் சொல்லும்வரை கரையிலேயே நிற்கிறேன்.