உயிரோடு இருந்தவருக்கு மாலை

முப்பது வருடம் டிவி நாடகங்களுக்கு ஆர்ட் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தேன். போட்ட செட்டுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். முதலில் நினைவுக்கு வருவது ஜெலுத்தோங் வட்டாரத்து ஃபிளாட் ஒன்றின் ஹால்தான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு மணி நேர சினிமா ஒன்றைப் பதின்மூன்று எபிசோட் குற்றத் தொடராக இழுத்துக்கொண்டிருந்தோம். சினிமாவில் கொலையானவனுக்குப் பெயர் மட்டும்தான். தொடரில் வீடு, மனைவி எல்லாம் சேர்த்தார்கள். சுவரில் அவனுடைய மாலை போட்ட படம்; அதன் கீழே மனைவியைப் போலீஸ் விசாரிக்க வேண்டும். அந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டது நான். கெலுகோர் ஆபீசில் மறந்து வைத்துவிட்டு வந்ததும் நான்தான்.

ஷூட்டிங்குக்கு வீட்டைக் கொடுத்த மல்லிகா அக்கா பாசாருக்குப் போயிருந்தார். சுவரில் அவர் கணவர் படம் இருந்தது. எந்த முகமாக இருந்தால் என்ன என்று, கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலையைப் போட்டேன். சமாளித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

ஒரு டேக் முடிந்தபோது அக்கா திரும்பி வந்தார். காய்கறிப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, அது எங்க வீட்டுக்காரரு படம்லா."

"சும்மா நடிப்புக்குத்தான்கா."

"அவரு இப்ப ஜொகூர் ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டு இருக்காரு தம்பி."

அக்காவே போய் மாலையைக் கழற்றினார். படத்தை இறக்கிப் பொட்டை முந்தானையால் துடைத்தார்.

"என்னா அங்க? லைட் போவுது. இன்னும் ஒரு டேக் வேணும்," என்றார் டைரக்டர்.

ஃபிரேம் கெலுகோரில் இருக்கிறது, ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். யார் மறந்தது என்று கேட்பாரே என்ற பயம்.

"ஒரே ஒரு டேக்லா அக்கா. முகம் தெரியாது," என்றேன். பொய். ஷாட்டே முகத்தில்தான் தொடங்குகிறது.

காலையில் எங்கள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தவர். மறுக்கத் தெரியாமல் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். நான் மறுபடியும் பொட்டு வைத்தேன், மறுபடியும் மாலை போட்டேன். முதல் தடவை புத்தியில்லாமல் செய்தது. இரண்டாவது தடவை தெரிந்தே செய்தேன்.

உள்ளே அக்கா கணவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் எடுக்கவில்லை. போன் சத்தம் மைக்கில் விழுகிறது என்றார் சவுண்ட்காரர். போய் அதையும் நிறுத்தச் சொன்னவன் நான்.

டேக் முடிந்த பிறகுதான் கணவர் திரும்பக் கூப்பிட்டார். அக்கா மாலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தொடர் வந்ததும் அந்த முகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் துக்கம் கேட்டு வந்தார்களாம். நான் மன்னிப்புக் கேட்கக்கூடப் போகவில்லை. லொகேஷன் வீட்டில் ஆணியில் தொங்குவது நம் சாமான் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அதன் பிறகு செத்தவன் படம் தேவைப்பட்டால் என் படத்தையே மாட்டினேன். நாலைந்து தொடர்களில் செத்திருக்கிறேன். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஒருநாள் என் மனைவி டிவியில் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். டிவியை அணைத்தாள். பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தோம்.