சிவப்பு கிளட்ச் லீவர்

காலை ஐந்து பத்து. வாசல் பல்பின் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது, மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடியில் சுற்றியிருந்த பச்சை நைலான் நூல். கிளட்ச் லீவரைக் கைப்பிடியை நோக்கிச் சற்று இழுத்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றி, நடுவில் குறுக்காக ஓட்டி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் சேற்று நண்டுகள் கிடந்தன. அவற்றின் கொடுக்குகளிலும் அதே நூல், அதே முடிச்சு.

கட்டியது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பழவேற்காட்டில் எங்கள் தெருவில் அக்கா அளவுக்கு வேகமாக நண்டு கட்டுகிறவர்கள் இல்லை. காலால் நண்டின் முதுகை மிதித்துக்கொண்டு, கொடுக்குகளை உள்பக்கம் மடக்கி, ஒரே மூச்சில் கட்டிவிடுவாள். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பசியாவரத்துப் படகுகள் விடிவதற்கு முன்பு கொண்டுவரும் நண்டை வாங்கி, கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, பொன்னேரியில் இருக்கும் வியாபாரியிடம் சேர்ப்பது அவளுடைய தொழில். வியாபாரியின் வேன் எட்டு மணிக்குச் சென்னைக்குக் கிளம்பிவிடும். நண்டு உயிரோடு இருந்தால்தான் எடைத் தட்டில் ஏறும். நீர் சொட்டும் டப்பைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். கரையிலேயே ஒரு ஏஜென்ட் இருக்கிறார். அவரிடம் போட்டால் அவர் சொன்னதுதான் விலை. அவரிடம் போய் நிற்கக் கூடாது என்றுதான் அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். வண்டி அவள் கணவரான மாமாவுடையது. அவர் காசிமேட்டில் விசைப்படகில் இருக்கிறார். ஊருக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவார். அதனால் அதை ஓட்டுவது பல வருடங்களாக அக்காதான்.

கோடையில் ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் இடது கையில் கெளுத்தி மீனின் முள் குத்தியது. கை வீங்கிச் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். புண் ஆறியது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டன. அந்தக் கையால் பிடிக்க முடியும், அழுத்தவும் முடியும். விரலை நீட்ட மட்டும் முடியாது. கைப்பிடியைப் பிடித்தால் கிளட்ச் லீவருக்கும் அவள் விரல்நுனிக்கும் நடுவில் ஒரு கணு அளவு இடைவெளி இருந்தது. அந்த ஒரு கணுவால் வண்டி வாசலில் நின்றது.

கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டினார். அவருக்கு வசதிப்பட்ட நேரத்தில் கிளம்பினார். வேன் போன பிறகு பொன்னேரிக்குப் போய்ச் சேர்ந்த நாட்களும் உண்டு. கடைசியில் அக்கா மறுபடியும் கரை ஏஜென்டிடமே டப்பை இறக்கினாள். அவர் சிரித்ததாக என்னிடம் சொன்னாள். அதன் பிறகுதான் இந்த நூல்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். அன்று வார விடுமுறைக்கு வந்திருந்தேன். டப்பைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஏறச் சொன்னாள். இது சரியாக இருக்குமா என்று கேட்டேன்.

"எட்டலன்னா இழுத்துக் கட்ட வேண்டியதுதான். நேத்து சாயந்திரம் கரை வரைக்கும் ஓட்டிக்கினு போய் வந்தேன், நல்லாத்தான் இருந்திச்சு. ஏறுடா."

முந்தின நாள் மாலை வண்டியில் அவள் மட்டும் இருந்தாள். இன்று நானும், ஒரு டப் நண்டும், தண்ணீரில் ஊறிய சாக்கும் இருந்தோம். பாதி வழியில் இன்ஜின் அலறத் தொடங்கியது. முறுக்க முறுக்கச் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கருகிய வாடை வந்தது. அப்புறம் வண்டி நின்றுவிட்டது.

அக்கா இறங்கி, இடுப்பிலிருந்த சிறு கத்தியால் நூலை அறுத்தாள். லீவர் தன் பழைய இடத்துக்குப் போனது. எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை, வண்டி அதன் பிறகு நகரும் நிலையில் இல்லை. காட்டூர்க்காரர் ஒருவரின் லோடு ஆட்டோ கத்தரிக்காய் மூட்டைகளோடு வந்தது. மூட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு வண்டியையும் டப்பையும் எங்களையும் ஏற்றிக்கொண்டார். அக்கா வழி முழுக்கச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள். வேன் கிளம்புவதற்குள் போய்விட்டோம். வியாபாரி ஒவ்வொரு நண்டையும் கண்ணருகில் தொட்டுப் பார்த்து, அசையாததை ஒதுக்கினார். ஒதுக்கிய குவியல் சிறியதாக இல்லை.

அங்கிருந்து மெக்கானிக் கடை. இளைஞர், அக்காவை முன்பே தெரிந்தவர். கைப்பிடியில் மிச்சமிருந்த நூலைப் பிய்த்துப் பார்த்தார்.

"யக்கா, இது இன்னா நண்டா? கட்டிப் போட்டா சும்மா கிடக்கும்னு நினைச்சியா?"

"நண்டு தேவலாம். கட்டினா அடங்கி இருக்கும்," என்றாள் அக்கா.

லீவரை இழுத்துக் கட்டினால் கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடியே ஓட்டுவதற்குச் சமம் என்று அவர் விளக்கினார். ஆள் ஒருவர் என்றால் சமாளிக்கும், பாரம் ஏறினால் வழுக்கும், வழுக்கினால் பிளேட் கருகும். கருகியதைக் கழற்றியும் காட்டினார். கிளட்ச்சே இல்லாத ஸ்கூட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்.

"கரை மணல்ல டப்பு வச்சிக்கினு அது எங்க ஏறும்? நான் ஓட்டுறது இந்த வண்டிதான். கை எட்டுறதுக்கு இன்னா வழி, அத்த சொல்லு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பையன்கள் அழகுக்குப் போடும் லீவர் ஒன்று உண்டு, அதில் தூரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும் என்றார். கம்பெனி லீவரில் அந்த வசதி கிடையாது. இரண்டு கடை தள்ளி இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையைக் காட்டினார்.

கடைக்காரர் பழவேற்காட்டைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். எங்கள் அப்பாவைத் தெரியும் என்றார். கண்ணாடி அலமாரியில் சிவப்பு, நீலம், தங்க நிறங்களில் லீவர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. அடியில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட சின்னத் திருகு. விலை கம்பெனி லீவரைவிட அதிகமில்லை. எடுத்துக் கொடுக்க அவருக்குத்தான் மனம் வரவில்லை.

"இது பசங்க படம் காட்டப் போடுறதும்மா. ரெண்டு மழையில சாயம் போயிடும்."

"சாயம் போனா போவட்டும் பாய். திருகு நிக்குமா?"

"நம்மூர் உப்புக் காத்துல எதுதான் நிக்குது? இது இன்னும் சீக்கிரம் போவும்."

"போனா இன்னொண்ணு வாங்கிக்கிறேன். வண்டியில மாட்டிப் பார்த்துட்டுத்தான் காசு குடுப்பேன்."

மாட்டிப் பார்க்கக் கொடுக்கும் வழக்கமில்லை என்றார் பாய். அக்கா என்னைக் காட்டி, "இவன் இங்கியே உட்காந்திருப்பான். பேப்பர்ல எழுதுறவன், உங்களுக்குப் பேச்சுத் துணையும் ஆச்சு," என்று சொல்லிவிட்டு மூன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாய் எனக்கு டீ வரவழைத்தார். நான் இருந்த இடத்திலிருந்து மெக்கானிக் கடை வாசல் முழுவதும் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

அதற்குள் மெக்கானிக் புதுப் பிளேட்டைப் போட்டு முடித்திருந்தார். முதலில் நீலம். அக்கா அதை மாட்டும் முன்பே கட்டைவிரலால் மேலும் கீழும் அழுத்தினாள். நண்டு வாங்கும்போது அதன் வயிற்றுப் பக்கத்தை அழுத்திப் பார்ப்பாள். உள்ளே சதை இல்லாமல் அமுங்கினால் அது தண்ணி நண்டு, எடுக்கமாட்டாள். நீல லீவர் ஆடியது. "தண்ணி நண்டு," என்று பெட்டியில் போட்டாள். தங்க நிறம் ஆடவில்லை. ஆனால் திருகு எண்ணில் நிற்காமல் பழையபடி நழுவியது. அதுவும் பெட்டிக்குப் போனது. மிஞ்சியது சிவப்பு.

சிவப்பில், மிகக் கிட்டத்தில் வைத்தபோது விரல் தாராளமாக எட்டியது. ஆனால் முழுதாக அழுத்துவதற்குள் லீவர் கைப்பிடியில் முட்டியதால் கியர் இடித்துக்கொண்டு விழுந்தது. ஓர் எண் தள்ளி வைத்து, மெக்கானிக் கேபிளை இழுத்துவிட்டு, அச்சாணியில் ஒரு வாஷரும் போட்டார். அக்கா கையை வைத்தாள். மடங்கிய இரண்டு விரல்களும் லீவரின் மேல் அப்படியே உட்கார்ந்தன. அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். ஒரு வேன் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை ஓரம் தள்ளினார்கள்.

கிளட்ச் லீவர் மட்டும் போதும் என்று கேட்டுப் பார்த்தாள். ஜோடியைப் பிரித்தால் மற்றதை யாரிடம் விற்பது என்றார் பாய். பேரம் அங்கே முடிந்தது, ஜோடியாகவே வாங்கினாள். பிரேக் பக்கமும் மாற்றிவிடவா என்று மெக்கானிக் கேட்டார்.

"நல்லா இருக்கிற கைய எதுக்குத் தொடணும்?" என்றாள்.

வண்டி தயாரானபோது வெயில் ஏறியிருந்தது. திரும்பி வரும்போது காலி டப் என் மடியில் இருந்தது. அக்கா தேவையில்லாத இடங்களிலும் கியர் மாற்றினாள்.

அடுத்த வாரமும் போனேன். ஏழேகாலுக்குப் பொன்னேரி சேர்ந்தோம். வியாபாரி எல்லா நண்டையும் தொட்டுப் பார்த்தார், ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, லீவர் திருகுக்குக் கிரீஸ் வைத்துத் துடைப்பதைப் பார்த்தேன். அப்படியும் பாய் சொன்னதுதான் நடந்தது. சாயம் முதல் மழையிலேயே வெளுத்தது. மழைக்காலம் முடிவதற்குள் திருகை உப்பு அரித்து, அது எண்ணில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. அக்கா அதைத் தட்டிப் பார்க்கவோ சரி செய்யவோ இல்லை. அன்றைக்கே பொன்னேரியில் வேறொரு பெட்டி வாங்கினாள். அடுத்தது, ஈரப் படித்துறையில் வண்டி சாய்ந்தபோது உடைந்தது. அதற்கும் ஒரு பெட்டி.

இப்போது அவள் வீட்டு அலமாரியில் மூன்று பிரேக் லீவர்கள் இருக்கின்றன. மூன்றும் சிவப்பு.